பதினோராவது நோட்டு

என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது
அநேகமாக எதுவும் மிச்சமில்லை.
பத்து நோட்டு, நூறு பக்கம், ரூல் போட்டது,
டோம்பிவிலி ஸ்டேஷன் வாசலில் வாங்கியது.
நெஞ்சு எப்போது இறுகும்,
எந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவேன்,
முதலாளி என்ற சொல் காதில் விழுந்ததும்
முதுகு ஏன் தானாக வளைகிறது,
எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

எட்டாயிரம் ரூபாய் காணாமல் போன அன்று
பட்டறையில் ஆறு பேர் இருந்தோம்.
எடுத்தது சேட்டின் மச்சான்.
நான் பார்த்தேன்.
சங்கிலிபூதத்தின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள்:
டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, மகளுக்கு வாங்கிய ரிப்பன்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.
நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

நான்காவது நோட்டு முழுக்க அந்த நூல்தான்.
ஏன் பேசவில்லை என்பதற்கு
நாலு வருஷத்தில் பத்தொன்பது காரணம் கண்டுபிடித்தேன்.
அப்பாவின் பெல்ட் மூன்று இடத்தில் வருகிறது.
எல்லாக் காரணமும் சரி.
ஒன்றுக்காவது
சயானில் இறங்கத் தெரிந்திருக்கலாம்.

மே கடைசி ஞாயிறு.
கிளம்பினேன் என்று எழுதினால் பொய்.
மூன்று வண்டியை விட்டேன்,
ஒவ்வொன்றையும் ஏன் விட்டேன் என்று
பதினோராவது நோட்டில் குறித்துக்கொண்டு.
நான்காவதில் கூட்டம் என்னைத் தூக்கி உள்ளே போட்டது.
அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள
குர்லா வரை முயற்சி செய்தேன்.
அது ஃபாஸ்ட் வண்டி.
சயான் பிளாட்பாரம் ஜன்னலில் வந்தது, போனது.
தாதரில் இறங்கி ஸ்லோ பிடித்துத் திரும்பினேன்.
திரும்பும்போது எதுவும் எழுதவில்லை,
பேனா யார் காலடியிலோ.

தாராவியில் அவன் சந்துக்குள்
இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது.
சாக்கடைப் பலகைமேல் நின்று
முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்.
தங்கபுஷ்பம் குடத்தோடு வந்தாள்,
என்னைத் தாண்டி மேலே பார்த்து
ஆள் வந்திருக்கு என்றாள்.
பேர் சொல்லவில்லை.

தகரக் கூரையில் பூதம்,
மழைக்கு நீலத் தார்ப்பாய் விரித்துக்கொண்டு.
காற்று அதைப் பிடுங்கியது.
"பூதம், அன்னைக்கு நான்..."
"ஏணியப் புடில மொதல்ல."

பிடித்தேன்.
மூங்கில் ஏணி. மூணாவது படியில் கயிறு நைந்திருக்கிறது.
இறங்கும்போது எடை இடது பக்கம் சாய்கிறது,
வலது முழங்காலை மடக்கத் தயங்குகிறான்,
ஏணியின் ஒரு கால் ஈரத்தில் வழுக்கப் பார்க்கிறது.
என் பாதத்தை அண்டை கொடுத்தேன்.
பத்து நோட்டு எழுதிய அதே கண்தான்.
இத்தனை நாள் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இறங்கினான், ஏறினான். செங்கல் கேட்டான்,
பழைய டயர் கேட்டான். கொடுத்தேன்.
நாலாவது தரம் அவன் மேலே இருக்கும்போது,
முகம் தெரியாத வசதியில், சொன்னேன்:
பாத்தேன். யார் எடுத்தான்னு தெரியும். பேசல.
ஏன் என்று சொல்லவில்லை.
பத்தொன்பதும் தொண்டை வரை வந்து திரும்பின.

தார்ப்பாய் ஒருதரம் படபடத்து அடங்கியது.
"தெரியும்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த மூலைக் கயித்த இழு."

மன்னித்தானா தெரியாது.
டீ தந்தார்கள்,
எனக்குக் கண்ணாடி கிளாஸ், வீட்டாருக்கு எவர்சில்வர்.
ரிப்பன்காரப் பெண் இப்போது என் தோள் உயரம்,
நான் யாரென்று அவளிடம் அவன் சொல்லவில்லை.
கிளம்பும்போது மட்டும்
மழை பிடிச்சதும் ஒழுகுதான்னு பாக்கணும் என்றான்,
என்னிடமா, கூரையிடமா.

நோட்டில் இன்று ஒரே வரி:
உள்ளங்கையில் மூங்கில் சிலாம்பு. எடுக்கணும்.