மருந்துக்கடைக்காரர் வீடு

நான்கு யூரோ.
சில்லறையாகத் தந்தால் வில்ட்ரூட்டுக்கு மகிழ்ச்சி.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக்
கூடையைக் காட்டினார்:
காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளுங்கள்,
தரைக்கு இருநூற்று முப்பது வயது.

கம்பளிச் செருப்புகள்.
எல்லாமே யானைக்கால் அளவு.
நானும்
மழைக்கு ஒதுங்கிய கூரைவேலைக்காரர் டெட்லெஃபும்
தூக்கினால் கழன்றுவிடுமென்று
தேய்த்துத் தேய்த்தே நடந்தோம்.
நவம்பர், புதன்கிழமை.
லிண்டன்பாக்கில் வேறு யாருக்கும்
இந்த வீட்டில் வேலையில்லை.

இது வரவேற்பறை.
இவர்தான் மருந்துக்கடைக்காரர்.
இது முதல் மனைவி.
இதுவும் மனைவிதான், சட்டகம் மட்டும் பழையது.
டெட்லெஃப் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை,
அண்ணாந்தபடியே வந்தார்.
'அந்த மூலை ஒழுகுகிறது.'
'நகராட்சிக்கு எழுதியிருக்கிறோம்.'
எந்த ஆண்டில் என்று
வில்ட்ரூட் சொல்லவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாடிகள்,
வயிற்றில் லத்தீன் எழுதி.
உத்தரத்தில் பாடம் செய்த முதலை,
வாயோரம் வைக்கோல் பிதுங்கி.
எதற்கு என்றேன்.
அந்தக் காலத்தில் எல்லா மருந்துக்கடையிலும் தொங்கும் என்றார்.
எங்கள் ஆற்றில் வாத்துதான் உண்டு, பாவம்.

பின்படிக்கட்டு செங்குத்து.
மேலே பணிப்பெண்கள் அறை:
கட்டில், கொக்கி,
கொக்கிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை.
பெயர்கள் கிடைக்கவில்லை என்கிறது அட்டை,
நல்ல எழுத்துருவில்.

வில்ட்ரூட் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்
யாரோ வருகிற மாதிரி.
பிறகு துணி அலமாரியைத் திறந்தார்.
திறக்கக் கூடாதாம்.
கதவின் உட்புறம் பென்சில் கோடுகள், சாய்ந்த கையெழுத்து:

விரிப்பு 24 உறை 31
விரிப்பு 24 உறை 31
பல்வலி
விரிப்பு 24 உறை 30
விரிப்பு 24 உறை 30
பனி
விரிப்பு 24 உறை 31

டெட்லெஃப் முதன்முறையாகக்
கண்ணைத் தாழ்த்தினார்.
விரலால் எண்ணிக்கொண்டே போய்
முப்பதில் நின்றார்.
'கிழித்துத் தாடையில் கட்டியிருப்பாள்' என்றார்.
'அப்புறம் எங்கிருந்தோ ஒன்று தைத்து வைத்திருக்கிறாள்.'
சொல்லும்போது அவர் கை
அவர் கன்னத்தில் இருந்தது.

யாரும் ஜாடிகளைப் பற்றிப் பேசவில்லை.

இறங்கி வரும்போது பார்த்தேன்:
வரவேற்பறையில் நாங்கள் நடந்த தடம் மட்டும்
தேன் பூசியதுபோல் மின்னியது.
நான்கு யூரோ கொடுத்து
ஐயாவின் தரையைத் துடைத்திருக்கிறோம்.

கூடையில் செருப்பைப் போட்டுவிட்டு
டெட்லெஃப் கேட்டார்,
ஏணி இருக்கிறதா,
இரண்டு ஓடு போதும்.
வில்ட்ரூட்
வருகைப் பதிவேட்டில்
இன்று: 2
என்று எழுதிக்கொண்டிருந்தார்.
பேனாவைப் பிடித்துக் கேட்டு வாங்கி
அதன் கீழே
எங்கள் பெயர்களை எழுதினேன்.