எதிர்க்குழாய்

இரவு மூன்று மணிக்கு ஒற்றைக் குழாய் வந்தது.
அவசரம், பொட்டாசியம், வயது ஆறு.
சுழற்றியில் எதையும் தனியாக வைக்க முடியாது;
எதிர்க்குழியில் அதே எடைக்குத் தண்ணீர் வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் நான் அதை மறந்தேன்.
இயந்திரம் உறுமி, உதறி,
மேசை விளிம்புவரை நடந்தே வந்துவிட்டது.
மரிவிக் ஓடிவந்து நிறுத்தினாள். திட்டவில்லை.
"பாவம், துணையில்லாமல் பயந்துவிட்டது" என்றாள்.

இன்று மறக்கவில்லை.
மூடி. பொத்தான்.
மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்ட பச்சை எண்
பத்து நிமிடமும் இமைக்கவில்லை.

பார்ப்பவருக்கு எதுவும் நடக்கவில்லை.
வேகம் அதே வேகம்.
உள்ளே மட்டும்
ஒவ்வொரு கணமும் நேரே போகக் கிளம்பும் ரத்தத்தைக்
குழாயின் அடி மடக்குகிறது
இந்தப் பக்கம், இல்லை, இந்தப் பக்கம்,
எப்போதும் நடு அச்சைப் பார்த்து.
வெளியே தள்ளுகிறது என்கிறார்கள் எல்லோரும்.
தள்ள அங்கே யாருமில்லை.
போக நினைப்பதும் போகவிடாததும்தான்
சிவப்பை அடியில் படிய வைத்து
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிய விடுகின்றன.

முடிவை மாடிக்கு அனுப்பினேன்.
துணைக்கு வைத்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன்.

ஏழு மணிக்கும் வின்னிபெக் இருட்டுதான்.
மைனஸ் இருபத்தெட்டு.
வண்டி சூடேறும்வரை
மரிவிக்குக்குத் தட்டாமாலை சொல்லிக்கொடுத்தேன்.
கைகளைக் குறுக்காகக் கோத்தோம்,
கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடிப் பனிமேல்,
பெரிய கோட்டுக்குள் இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள்.

அவள் கனம்; அவளுக்குச் சின்ன வட்டம்.
நான் பெரிய வட்டத்தில் ஓடினேன்,
பூட்ஸ் வழுக்க, விளக்குக் கம்பங்கள் கோடாக.
தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது.
மையநோக்கு முடுக்கம்:
வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகு.
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
தோளுக்கு அது தெரியாது அன்று.

வலது கையுறை நழுவியது.
வெளிநோக்கி அல்ல,
அந்தக் கணம் கால் எந்தப் பக்கம் போனதோ
அந்தப் பக்கமே, நூல் பிடித்தாற்போல் போய்,
வாரிக் குவித்த பனிமேட்டில் விழுந்தேன்.

மரிவிக் சிரித்துச் சிரித்துக் குனிந்து நின்றாள்,
என் கையில்லாத கையுறையை இன்னும் விடாமல்.

அந்தக் குழந்தையின் பொட்டாசியம் சரியாக இருந்தது.
முன்பே சொல்லியிருக்க வேண்டும்.