நூற்றுமுப்பது அடி

தார் ரோட்டில் இருந்து எங்கள் வாசலுக்கு
நூற்றுமுப்பது அடி.
ஐப்பசியில் அது பாதை இல்லை, வாய்.
முதலில் செருப்பைக் கேட்கும்,
கொடுத்துவிட்டால் சைக்கிளைக் கேட்கும்.
கேஸ் சிலிண்டர் பையன் பாதியில் நிமிர்ந்து
"அக்கா, இதுக்கு மேல உங்க பாடு" என்று போய்விட்டான்.
போன கார்த்திகையில் ஆம்புலன்ஸ்
ரோட்டிலேயே நின்று விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது.
மாமனாரை நாற்காலியோடு தூக்கினோம்.
நான்கு பேருக்கும் முழங்கால்வரை கரிசல்,
அவர் மடியில் மட்டும் மடிப்புக் கலையாத துண்டு.

ஆகவே கல்.

சுளகில் கிடந்த பீடி இலையை ஒதுக்கிவிட்டு
நாலு கவர்களை நாலு குவியலாகக் கொட்டினேன்.

ஓடைக் கூழாங்கல் பார்க்க லட்சணம்.
கல்யாண வீட்டு உறவு மாதிரி,
பாரம் ஏறினதும் ஆளுக்கொரு பக்கம் நழுவும்.
கால் இஞ்சி சிப்ஸ்
டயரில் ஏறி, செருப்பில் ஏறி,
கடைசியில் சோற்றில் வந்து பல்லில் கடிபடும்.
சரள், மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே வெட்டினது:
மலிவு, இறுகும்,
மழை விழுந்தால் வீடெல்லாம் சிவப்புப் பாதம்.
முக்கால் ஜல்லிக்கு உடம்பெல்லாம் மூலை.
"மூலை இருக்கதுதான் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிடும்,
வழுவழுப்பா இருக்கது ஓடிரும், பாத்துக்கிடுங்க"
என்றார் கிரஷர் கணக்குப்பிள்ளை தேவசகாயம்.
கல்லைப் பற்றித்தான் சொன்னார்.

வீட்டுக்காரர் கரண்ட் அட்டையின் பின்னால்
நூற்றுமுப்பதைப் பத்தால் பெருக்கிப்
பாதியாக்கினார்: ஆறரை யூனிட்.
அமுங்கும் என்று இன்னொன்று சேர்த்தார்.
பணம் என்னுடையது.
பதினெட்டு வருஷத்துப் பீடி, பி.எஃப். கணக்கில்.
ஒரு யூனிட்டுக்கு எத்தனை ஆயிரம் பீடி என்று
விரல்கள் தாமாகக் கணக்குப் போட்டன,
நான் நிறுத்தச் சொல்லியும்.

நாலையும் முற்றத்தில் பரப்பி
செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன்.
வெறுங்காலோடு ஏறி நின்றேன்.
ஜல்லியில் நிற்கும்போது மணி மூன்று.
மேற்கே வேட்டு.
தினமும் போடுகிற அதே வேட்டு,
செம்புத் தண்ணீரில் வளையம் விடுகிற வேட்டு.
இத்தனை வருஷம் காதில் வாங்கியதை
அன்றைக்கு உள்ளங்காலில் வாங்கினேன்.
நல்லவளாக இருந்தால்
அங்கேயே வேண்டாம் என்றிருப்பேன்.
துண்டு ஞாபகம் வந்தது.
அடியில் சோலிங், நடுவில் சரள், மேலே முக்கால்
என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் லோடு தட்டும்போது
ஒரு கல் உருண்டு என் காலடியில் நின்றது.
அதன் ஒரு பக்கத்தில் நீளமாக,
குழாயை நெடுக்கே பிளந்த மாதிரி ஒரு பள்ளம்.
என் கட்டைவிரல் அதில் சரியாகப் படுத்தது.
"மருந்து வச்ச குழி" என்றான் லாரி முப்பிடாதி.
டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே
"எங்க வீடு அந்தப் பொத்தைக்கு அடியிலதான்.
சுவர்ல ஒரு கோடு விட்டிருக்கு.
வடக்குக் கதவு சாத்த மாட்டேங்கு" என்றான்,
மழை வருமா என்று கேட்கிற குரலில்.
இன்னொரு டீ வேணுமா என்று கேட்டேன்.
வேறு என்ன கேட்பது.

இப்போது ராத்திரிக்குச் சத்தம் இருக்கிறது.
வீட்டுக்காரர் வண்டி என்றால் அரைபடும்.
நாய் என்றால் புளியங்கொட்டை உருட்டின மாதிரி.
மாமனார் கம்பை ஊன்றி ரோடுவரை போய்
மூன்று இடத்தில் நின்று திரும்புகிறார்,
துண்டு தோளில்.

குழிக் கல்லைப் பரப்ப விடவில்லை.
எங்கள் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.
எடுத்துவிட்டால்
எங்கள் கதவு நன்றாகச் சாத்தும்.

ஏழரை என்று போட்ட கணக்கு
ஏழில் தீர்ந்தது, பணமும்.
வாசலை ஒட்டிப் பத்தடி கரிசல் அப்படியே.
மழைநாளில்
நூற்றிருபது அடி கால் நனையாமல் வந்து
அங்கே எல்லோரும் தாவுகிறோம்.
மாமனாரை மட்டும்,
பத்தடிதானே,
தூக்கிவிடுகிறோம்.