தொண்ணூற்றொன்பது

அந்தப் பச்சைக் கோடு நான் எழுதியது.
சத்துவாச்சாரியில், மாடி அறையில்,
மின்விசிறியை மூன்றில் வைத்தால் காகிதம் பறக்கும்
இரண்டில் வைத்தால் வேர்க்கும்.

ஸ்கேன் படங்களை டாக்டருக்கு அனுப்பும் தளம்.
எழுநூறு எம்பி, சில நாள் ஒரு ஜிபி.
முதலில் வெறும் வட்டம்தான்.
"சுத்துதே தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."
கோடு போடு என்றார் குணசீலன்.
போட்டேன்.
கூடவே ஒரு சின்னப் பொய்யும்:

முதல் எழுபது சரசரவென ஓடும்,
பைட்டு நகர்ந்தாலும் நகராவிட்டாலும்.
அப்புறம் மூச்சு வாங்கும்.
தொண்ணூற்றொன்பதில் நிற்கும்,
காட்பாடி அவுட்டரில் வண்டி நிற்பதுபோல.
ஸ்டேஷன் விளக்கு தெரியும்
பையைத் தோளில் மாட்டியாயிற்று
இறங்க முடியாது.

ஜபீன் அன்றே கேட்டாள்,
"உன் கோடு எதை அளக்குது?
இங்கேருந்து போனதையா, அங்க போய்ச் சேர்ந்ததையா?"
யாரு பாக்கப் போறாங்க என்றேன்.

பாபு ராவ் தெருவில்
வங்காள எழுத்தில் பெயர் மாட்டிய லாட்ஜுக்குக் கீழே
ஜெராக்ஸ் கடை.
ஆதார் நகலுக்கு நின்றேன்.
என் கோட்டின் முன்னால் ஒருவர்.
அனுப்புபவர்: நிர்மல் ஹால்தார், மால்டா.
நோயாளி: மனைவி. வயது முப்பத்து நான்கு.
எல்லாம் நான் வரைந்த கட்டங்களில்.

எழுபதுக்கு ஓடியதும் சிரித்தார்.
கடைப் பெண்ணிடம் தெரிந்த தமிழில்
"ஆச்சு, ஆச்சு" என்றார்.
தொண்ணூற்றொன்பது.
டீ வந்தது.
ஆறி ஆடை கட்டியது.
திரையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்
காய்ச்சல் பார்ப்பதுபோல.

கரண்ட் போயிற்று.

வந்தபோது பூஜ்யம்.
மறுபடி எழுபதுக்கு ஓடியது, வெட்கமே இல்லாமல்.
அவர் இந்த முறை சிரிக்கவில்லை.
எழுதியவன் நான் என்று சொல்லியிருக்கலாம்.
அதற்கு இந்தியில் வார்த்தை தெரியாதென்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.
கீழே மணல்.
தண்ணி உள்ளே ஓடுது என்பார்கள்.
எத்தனை விழுக்காடு என்று
யாரும் சொன்னதில்லை.

மறுநாள் பொய்யை அழித்தேன், நாற்பது வரி.
படத்தைத் துண்டு துண்டாய் வெட்டினேன்.
ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பக்கம்
"வந்தது" என்ற பிறகே கோடு அடுத்த அடி வைக்கும்.
அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து.

இப்போது மெதுவாகத்தான் போகிறது.
பழசே நல்லாருந்துச்சு என்று இரண்டு புகார்.
குணசீலனுக்கும் அதே எண்ணம்.

கோட்டின் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
212 துண்டில் 140 வந்து சேர்ந்தது.
ஜபீன் வங்காளத்திலும் போடச் சொல்லி
யாரிடமோ எழுதி வாங்கி வந்தாள்.
அந்த எழுத்து எனக்கு வாசிக்க வராது.
ஒட்டினேன்.
எண்களை மட்டும் நான்கு முறை சரிபார்த்தேன்.