ஏழு நொடி

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
ஒலிப்பதிவுக்காரன்.
அந்தப் பக்கம் இடலினா தவெய்ரா,
விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு.
போர்த்தோ நிலையத்தில் குளிருக்கென்று
தனி அறையே ஒதுக்கியிருந்தார்கள்.
செய்தி அறை என்று அதற்குப் பெயர்.

தட்டச்சு செய்ய வந்தவள்.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற தெற்கத்தி ஊரிலிருந்து.
ஒருநாள் வாசிப்பவர் போதையில் வரவில்லை.
உட்கார் என்றார்கள், உட்கார்ந்தாள்.
ஊர்ப்பேச்சை நாக்கிலிருந்து சீவ
மூன்று மாதம் பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்தபடி
செய்தித்தாளை உரக்கப் படித்தாள்.
எங்களை ஆண்டதும் ஒரு பென்சில்தான்.
நீல நிறம்.
ஒரு கர்னலின் மேசையில் இருந்தது.

அறுபத்தொன்பது, ஜனவரி.
அஃபுராதாவின் படகொன்று
தோரு ஆறு கடலில் விழும் இடத்தில் உடைந்தது.
ஏழு பேர்.
தாள் கர்னலிடம் போய்த் திரும்பியது.
'எழுவர் மாண்டனர்' மேல் நீலக் கோடு.
'ஒரு படகுக்கு இடையூறு' மட்டும் மிச்சம்.

வாசித்தாள்.
"இன்று காலை ஆற்றுமுகத்தில்
ஒரு படகுக்கு இடையூறு."
பிறகு வாய் மூடிக்கொண்டாள்.

முள் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது.
வானொலியில் ஒரு நொடி மௌனம்
கூரையில் ஓடு பறந்த மாதிரி.
மூன்று நொடிக்குக் கூரையே இருக்காது.
என் கை இசைத்தட்டுக்குப் போனது.
அவள் என்னைப் பார்த்தாள்.
கை அங்கேயே நின்றது.
ஏழு.
அதன் பிறகு ஒலிவ எண்ணெய் விலை.

அன்றிரவு அஃபுராதாவில்
விரல் விட்டு எண்ணினார்களாம்.
'ஒலிவாங்கிப் பழுது' என்று பதிவேட்டில் நான் எழுதினேன்.
கர்னலும் எண்ணத் தெரிந்தவர்.
ஐந்து வருடம் அவளுக்கு
அலை ஏறும் நேரமும் புனிதர்களின் திருநாளும்.

எழுபத்து நான்கு, ஏப்ரல்.
ராணுவ வண்டிகள்கூடச்
சிவப்பு விளக்குக்கு நின்று போயினவாம் லிஸ்பனில்.
யாரும் கோடு போடாத தாளோடு வந்தாள்.
ஏழு பெயர். ஏழு வயது.
நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

செய்தி முடியுமுன் தொலைபேசி.
"ஆறுன்னு சொல்லு பெண்ணே.
அதேரித்து சாகலே.
கினியாப் போருக்கு ஓலை வந்த பிள்ளை.
அன்னிக்குப் படகிலே ஏறவே இல்லை.
மலை தாண்டிப் பிரான்சுக்குப் போயிட்டான்.
போலீஸ் கண்ணுக்காக
அஞ்சு வருஷம் கறுப்பு கட்டினேன்.
இன்னிக்கு அவிழ்க்கணும்."

திரும்ப உட்கார்ந்தாள்.
"முன்பு சொன்னதில் பிழை.
இறந்தவர்கள் ஆறு பேர்.
ஏழாமவர் டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்."
கடைசிச் சொல்லில் சிரித்துவிட்டாள்.
முள் சிவப்பைத் தொட்டது.

பிறகு லிஸ்பன், தொலைக்காட்சி,
முடியில் பசை, முகத்தில் மாவு.
ஒரு கல்யாணம்; சட்டம் இடம் தந்ததும் ஒரு விவாகரத்து.
ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவர்களின் மரப்பெட்டிகள்
துறைமுகத்தில் மலையாய்க் கிடந்தபோது
ஒவ்வொன்றிலும் எழுதியிருந்த பெயரைப் படித்துக்கொண்டே நடந்தாள்,
படம்பிடிப்பவன் கால் வலிக்கிறது என்கிறவரை.
ஒரு சுரங்க விபத்து. அமைச்சர் சொன்னார்:
"சுமார் இருபது பேர்."
"சுமார் என்பது யாருடைய பெயர்?"
ஒரு வாரம் திரையில் அவளைக் காணோம்.
மறுவாரம் அமைச்சரைக் காணோம்.
(அது வேறு காரணத்துக்காக. அவளே திருத்தச் சொன்னாள்.)

இப்போது பழைய நாடாக்களைக்
கணினியில் ஏற்றுகிறார்கள்.
அமைதி வந்தால் இயந்திரம் தானே வெட்டிவிடுமாம்.
இடம் மிச்சமாம்.
அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
எழுபத்தொன்பது வயது. குரலில் மணல்.
"ஒரு நொடி பொய்தானே," என்றேன்,
"ஆறாகக் குறைக்கட்டுமா?"
"தொடாதே.
போலீசும் அன்று ஏழு என்றுதான் எண்ணியது."

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக்
காதுக்கருவி மாட்டிக் கேட்டேன்.
ஒன்று முதல் ஆறு வரை
நாடாவின் சரசரப்பு.
ஏழாவதில்
அவள் மூச்சை உள்ளே இழுக்கிறாள்.

அதன் பிறகு
ஒலிவ எண்ணெய் விலை.