கூட்டு அளவை

கஞ்சமலைக்குக் கிழக்கே,
இரும்பாலை மதிலோரம், காலை ஏழு மணி.
டெல்லியின் பெயரால் ஒரு ஜீப் வந்தது.
சென்னையின் பெயரால் இன்னொன்று.
முக்காலியும் கருவியும் சுமந்து
நான் டவுன் பஸ்ஸில் வந்தேன்.
பிர்கா சர்வேயர்.
முக்காலிக்கும் அரை டிக்கெட் கிழித்தார் கண்டக்டர்.

சும்மா கிடக்கும் நிலத்தை
மாநிலத்திடமே திருப்பிக் கொடு என்று
ஆறு மாதமாகப் பேச்சு.
கொடுத்தால் தொழிற்பேட்டை வருமாம், ஒரு சுவரொட்டி.
கொடுத்தால் பிளாட் போட்டு விற்பார்களாம், அதன் மேலேயே ஒட்டிய இன்னொன்று.
கொடுக்காவிட்டாலும் விற்பாங்க என்றார் டீ மாஸ்டர்,
எனக்குச் சர்க்கரை கம்மி என்பதை மறந்து.

'திருப்பி' என்ற சொல்லில்
எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.
பழைய அ-பதிவேட்டில்
சிவப்பு மை கோடிட்ட பெயர்களைப் பார்த்திருக்கிறேன்:
செங்கோடன், நாச்சாயி, காளியண்ணன் வகையறா.
மானாவாரி, மானாவாரி, கிணற்றுப் பாசனம்.
அளப்பவன் சந்தேகப்படக் கூடாது.
அளவு பிசகாமல் இருந்தால் போதும்.

ஆலையின் எஸ்டேட் அதிகாரி பாணிகிரஹி
ஒடியாவில் புலம்பி, தமிழில் தண்ணீர் கேட்பவர்.
தாசில்தார் எழில்வதனி
சுடிதாரில் ஒட்டிய நாயுருவியைப் பிடுங்கிக்கொண்டே
ஒரு சென்ட் விடமாட்டேன் என்றார்.
இருவர் வரைபடத்தையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்.
கோடுகள் ஒட்டவில்லை.
நடுவே ஏழு மீட்டர் அகலத் துண்டு
இரண்டிலும் சொந்த நிலம்.
அதில் ஒரு கிணறு.

எங்கள் கிணறு என்றார் அவர்.
எங்களுடையது என்றார் இவர்.
குரல் ஏறியதில்
கருவேலம் புதரிலிருந்து ஒரு மயில்
கனமாக எழும்பிப் போனது.

வேலி ஓட்டை வழியே ஆடு விட்டிருந்த பாவாயி
கோலை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
போன ஆடியில் அவள் மகன் சித்தேஸ்வரன்
விழுந்த குட்டியைத் தூக்க இறங்கியது
இந்தக் கிணற்றில்தான்.
மேலே கொண்டுவர இரண்டு நாள்.
உள்ளே விட யார் கையெழுத்து வேண்டும் என்று தெரியாமல்
முதல் நாள் முழுக்க
தீயணைப்பு வண்டி கேட்டில் நின்றது.

மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து
என்னிடம் நீட்டினாள்.
கருவி வைத்திருப்பவன்தான் பெரிய ஆள்
என்று நினைத்திருப்பாள்.
நிவாரணம் கேட்டதற்கு இரண்டு பதில்கள்.
ஒன்று இந்தியும் இங்கிலீஷும். ஒன்று தமிழ்.
மேற்படி கிணறு
எமது எல்லைக்குள் வரவில்லை.
இரண்டிலும் அதே சேதி.
முத்திரை மட்டும் வேறு வேறு நிறம்.

நான் உரக்கத்தான் படித்தேன்.

பாணிகிரஹி தண்ணீர் கேட்டார்.
தாசில்தாருக்குப் போன் வந்தது,
அல்லது வந்ததுபோல் பேசினார்.

படிவத்தில் எனக்கு மூன்று கட்டங்கள் பாக்கி.
பரப்பு: எழுதினேன்.
தன்மை: கிணறு ஒன்று, நீர் உள்ளது.
அனுபவத்தில் இருப்பவர் பெயர்:
பேனாவை வைத்துவிட்டுப் பென்சில் எடுத்தேன்.
மேலே போனால் அழித்துக்கொள்வார்கள்.
சித்தேஸ்வரன் என்று எழுதிவிட்டு
இனிஷியல் என்னம்மா என்று கேட்டேன்.

அவள் அதற்குள்
ஆடுகளை அந்தத் துண்டுக்குள் திருப்பியிருந்தாள்.
அங்கேதான் கொஞ்சம் பச்சை.