ஆலங்கட்டிக்குப் பின்

ஜூன் பதினொன்று, பிற்பகல் நான்கு மணி.
ஹூரான் நகரத்து வானம்
பாசி பிடித்த தொட்டித் தண்ணீராய்ப் பச்சையானது.
பன்னிரண்டே நிமிடம்.
ஆலங்கட்டி ஓய்ந்ததும் எண்ணிப் பார்த்தோம்:
எங்கள் ஃபயர்பேர்டின் கூரையில் எழுபத்துமூன்று குழி,
அம்மை ஆறிய முகம் மாதிரி.

காப்பீட்டுக்காரர் வந்தார், ஒரு விரலால் தடவினார்.
கூரையைச் சரிசெய்ய ஆகும் செலவு
காரின் விலையைத் தாண்டுகிறது என்றார்.
அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு
வெர்லின் சொன்னார்:
"கூரைதானே கெட்டது, மார்லிஸ்.
எடுத்துவிட்டால் போச்சு."

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில்
இந்தப் "போச்சு" ஒவ்வொன்றும் எவ்வளவுக்குப் போகும் என்று
எனக்கு மனப்பாடம்.

மிட்செல் ஊர்ப் பழைய இரும்புக் கிடங்கில்
முகம் நொறுங்கிய ஒரு வண்டி.
அதே வருடம், அதே உடல்.
தலையில் மட்டும் கழற்றி மாட்டும் இரண்டு கண்ணாடிகள்
ஒரு கீறல் இல்லாமல்.
நானூற்றைம்பது டாலர்,
சட்டத்தோடும் தாழ்ப்பாளோடும்.
ரப்பர் கிடையாது.

கராஜில் உள்கூரைத் துணியை உரித்தோம்.
முதல் சொந்தக்காரரின் சிகரெட் நெடி இறங்கியது.
பிறகு ஒரு எலிக்கூடு.
அதன் மெத்தையில்
நான் தொலைத்த பல் டாக்டர் ரசீது, துணுக்குத் துணுக்காய்.

வாசலுக்கு வாசல் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து
வெல்டிங் செய்தார்.
"கூரை வெறும் மூடியில்லை,
வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு.
தாங்கல் இல்லாமல் வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும்."
தலைக்கு மேலே முதுகெலும்பு வைத்த பிராணி எது என்று
விளக்கைப் பிடித்தபடி யோசித்தேன்.

மூன்று நாள் அளந்தார்.
டேப் ஒட்டினார், பிய்த்தார், ஒட்டினார்.
நாலாம் நாள் மின்ரம்பத்தோடு நின்றவர்
நின்றபடியே காபியை ஆறவிட்டார்.
பிறகு ரம்பத்தை என்னிடம் நீட்டினார்.
பள்ளிச் சமையலறையில் இருபது வருடமாய்
தட்டுக் கேக்கைக் கோடு மாறாமல் வெட்டும் கை இது.
வெட்டினேன்.
அறுவைக்கூட வாசலில் நிற்கிறவர் போல
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார் மனிதர்.

கூரை வந்துவிட்டது.
அவர் பக்கக் கதவு சாத்தியது.
என் பக்கக் கதவு
மூன்று மில்லிமீட்டர் கோபித்துக்கொண்டது.
இடது தாங்கலில் வைத்த கவனத்தை
வலதில் நம்பிக்கையாக வைத்துவிட்டாராம்.
அதைச் சமாதானப்படுத்த ஜாக்கியும் சங்கிலியும்
ஒன்பது இரவும் ஆனது.

ஜூலை முழுக்கத் தண்ணீர்ச் சோதனை.
அவர் வெளியே குழாயோடு,
நான் உள்ளே மடியில் செய்தித்தாளோடு.
"எங்கே சொட்டுது?"
"இடது தோள்."
ரப்பரை நகர்த்தினார்.
"இப்போ?"
"வலது."
பசை, மறுபடி ரப்பர், மறுபடி குழாய்.
"இப்போ?"
"சொட்டலை. ஆனா யோசிக்குது."

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, முதல் ஓட்டம்.
கண்ணாடிகளைப் போர்வையில் சுற்றி
விருந்தாளிக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்துவிட்டு
பதினாலாம் நெடுஞ்சாலையில் மேற்கே போனோம்.
இருபுறமும் சூரியகாந்தி.
என் வகிடு சுட்டது.
வெர்லின் எதுவும் பேசாமல்
வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்,
சாலை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று.

வுல்ஸி நெருங்கும்போது
மேற்கே அந்தப் பச்சை.

பெட்ரோல் பங்கின் தகரப் பந்தலுக்குள் நுழைந்ததும்
முதல் கல் விழுந்தது. அப்புறம் எல்லாக் கல்லும்.
அடுத்த பம்பில் ஒதுங்கி நின்ற, தீவனக் கம்பெனித் தொப்பிக்காரர்
எங்கள் வண்டியைச் சுற்றி வந்து,
உள்ளே குனிந்து, மேலே நிமிர்ந்து,
இரைச்சலுக்கு மேல் கத்தினார்:
"கூரை எங்கே?"

"கட்டிலுக்கடியில்!" என்றேன்.

இந்த மாவட்டத்தில் கூரையை வைக்க
அதுதான் சரியான இடம் என்பது போல
நிதானமாகத் தலையாட்டிவிட்டு
தன் வண்டியின் தலையைப் பார்த்தார்.
அது பந்தலுக்கு வெளியே
ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.